தீவு நடையில் எண் காலியில்லை

மணலில் நடப்பதற்கு விலை உயர்ந்த ஷூ தேவையில்லை. பழைய கான்வாஸ் போதும். முன்னால் ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே போன மணல் தானாக வெளியே வந்துவிடும். புதிதாக நடக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், சார். சுருக்கமாக எழுதுகிறேன். எனக்கு நீட்டி எழுத வராது.

எங்கள் குழுவின் பெயர் தீவு நடை மன்றம். க்விபிள் தீவில் கூடுவதால் அந்தப் பெயர். அடையாறு கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. இப்போது அதைத் தீவு என்று சொன்னால் ஆட்டோக்காரர்களே சிரிப்பார்கள். சுற்றிலும் சாலையும் அடுக்குமாடியும் வந்துவிட்டன. மிச்சமிருக்கும் தண்ணீரை நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ஷீலா டீச்சர் விடமாட்டார். "நாம தீவுக்காரங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்பார். மந்தைவெளியில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மன்றத்தைத் தொடங்கியவர். ஞாயிறு காலை ஐந்தரைக்கு விசில் ஊதுவார். மாதம் ஒரு முறை வேன் பிடித்து ஏதாவது ஒரு குன்று ஏறுவோம். மற்ற வாரங்களில் தீவிலிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை வரை நடை, பேச்சு, சிரிப்பு, டிபன்.

மன்றத்தில் இருபத்திரண்டு பேர்தான் இருக்கலாம். சாந்தோம் நெடுஞ்சாலை சிக்னலில் ஒரு முறை பச்சை விழுந்தால் இருபத்திரண்டு பேர் கடக்கலாம் என்று டீச்சர் கையில் கடிகாரத்துடன் நின்று கண்டுபிடித்திருந்தார். இருபத்து மூன்றாவது ஆள் நடுரோட்டில் மாட்டிக்கொள்வார். அதனால் அவரவருக்கு ஓர் எண். நிரந்தரம். மூன்று ஞாயிறு தொடர்ந்து குரல் வராவிட்டால் எண் காலியாகிவிடும். ஊருக்குப் போனவருக்காக வேண்டியவர்கள் குரல் கொடுக்கலாம். ஆனால் டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

எண்ணுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டீச்சர் முன்னால் நிற்பார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தலைகளைப் பார்த்து எண்ணுவது அவருக்குக் கௌரவக் குறைவு. "எனக்கு முதுகுல காது இருக்குடா" என்பார். விசில் ஊதியதும் ஒன்று, இரண்டு என்று குரல் வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு தினுசு. ஐந்து தெலுங்கில் சொல்வார். ஏழு கொட்டாவிக்குள் சொல்வார். பதிமூன்று பாலு. சைதாப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவர். "பதிமூணு, மீட்டருக்கு மேல பத்து ரூபா" என்று சொல்லாமல் விட்டதில்லை. ஒன்பது அய்யாதுரை அண்ணாச்சி. தி. நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கம். "ஒம்போது!" என்று துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். கடைசி எண் இருபத்திரண்டு, நான். எனக்கு வால் என்று பெயர். வரிசையின் பின்னால் வர வேண்டும், யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்புப் பையில் பிளாஸ்திரி, துணிக்கட்டு, க்ளூக்கோஸ் பொட்டலங்கள்.

எண்ணி முடிக்க பதினோரு விநாடி ஆகும். அந்தப் பதினோரு விநாடியில் பெரியவர்கள் அத்தனை பேரும் ஆறாம் வகுப்பு மாதிரி சிரிப்பார்கள். காரணம் எதுவும் இருக்காது. நானும் சிரிப்பேன்.

பதினான்கு ப்ரியாவின் எண். ஷண்முகப்ரியா, என் மனைவி. போன வருடம் அக்டோபரில் டெங்கு. மூன்று நாள். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எனக்கு அப்போது முப்பது வயது. உறவினர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அதற்குப் பிறகு எனக்கு எதிலும் சூடு குளிர் தெரியவில்லை. அலுவலகம் போனேன். குளித்தேன். பால் பாக்கெட்டை ஒன்றாகக் குறைக்கச் சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு நடைக்குப் போனேன். எண்ண ஆரம்பித்தார்கள். பாலு அன்று மீட்டர் என்று சொல்லவில்லை. வெறும் பதிமூன்று என்றார். நான் "பதினாலு" என்றேன். அடுத்தது ஜெயஸ்ரீ மேடம். மயிலாப்பூர். அவர் அழுதுகொண்டே "பதினஞ்சு" என்று ஆரம்பித்தார், அது பாதியில் தும்மலாகிவிட்டது. "ஐயோ, நான் வேணும்னு பண்ணலை" என்றார். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். நானும் சிரித்தேன். வயிறு வலித்தது. வலி தெரிந்தது. மூன்று வாரத்தில் முதல் முறை.

அதற்குப் பிறகும் வாராவாரம் நான் இரண்டு முறை குரல் கொடுத்தேன். பதினான்கு, இருபத்திரண்டு. யாரும் எதுவும் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள், சார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வருடம் இப்படிப் போனது. இந்த அக்டோபரில் மஹ்விஷ் வந்தாள். ராயப்பேட்டை. பல் மருத்துவம் படிக்கிற பெண். வேகமாகப் பேசுவாள், வேகமாக நடப்பாள், ஆனால் எண் இல்லாததால் வரிசைக்கு வெளியே என் பின்னால்தான் வர வேண்டும். ஏழு வாரம் அப்படியே வந்தாள்.

"அண்ணா, நான் இன்னா பார்சலா? கடல்ல வுழுந்தாகூட உங்க கணக்குல வர மாட்டேன் போல."

"வுழுந்தா விசில் அடிக்கிறேன்" என்றேன்.

"அதுக்கும் நம்பர் வேணும்னு டீச்சர் சொல்லுவாங்க."

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவள் மேல் எந்த வருத்தமும் இல்லை.

நவம்பர் கடைசியில் டிபன் கடையில் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தட்டில் அவருடைய வடையை வைத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அஸ்வத், கோச்சுக்காதப்பா. பொங்கல் கழிச்சு, பதினாலை அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடலாமா? நீயே உன் கையால குடு. ப்ரியாவுக்கும் அது பிடிக்கும்."

"சரி டீச்சர்" என்றேன். வடை நன்றாக இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் யோசித்தேன். கோபமாக இல்லை. ஒரு சாதாரணக் கணக்கு போடுகிற மாதிரி யோசித்தேன். மஹ்விஷுக்கு ஓர் எண் வேண்டும். அது நியாயம். பதினான்கைக் கொடுக்க முடியாது. அதுவும் நியாயம். பொங்கலுக்குள் வேறு எண் காலியானால் எல்லோருக்கும் நல்லது. நான் யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை, டீச்சருக்கு மனக்கஷ்டம் இல்லை.

ஒவ்வொருவராகப் பார்த்தேன். பாலுவுக்கு இரண்டு பெண்கள், சின்னவள் பத்தாம் வகுப்பு. ஜெயஸ்ரீ மேடம் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறார். டீச்சர் இல்லாமல் மன்றமே இல்லை. ஏழாம் எண்ணுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அண்ணாச்சிக்கு அறுபத்தெட்டு. கடையை மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். "நடந்துக்கிட்டே போயிரணும் தம்பி, படுக்கையில கிடக்கக் கூடாது" என்று அவரே என்னிடம் நாலைந்து முறை சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பொருந்தி வந்தது. இன்னொன்றும் உண்டு. மன்றத்தின் ஆண்டு விழாவில் நான் எல்லோருடைய குரலையும் செய்து காட்டினேன். அண்ணாச்சி குரல்தான் அச்சு அசலாக வந்தது. அவரே கைதட்டினார். "ஏ, நான் செத்தாலும் கடையில இவன உக்கார வச்சுரலாம்ல்லா" என்றார்.

அவருக்குச் சர்க்கரை. ஊசி போட்டுக்கொள்வார். பட்டினப்பாக்கம் போனதும் கடலைப் பார்த்துத் திரும்பி நின்று வயிற்றில் போட்டுக்கொள்வார். போட்டதும் சாப்பிட்டாக வேண்டும். சிறிது நேரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை. ஒரு வருடமாக இந்த ஒழுங்கு தவறியதில்லை.

மார்கழி முதல் ஞாயிறு. நடைவழி போடுவது என் முறை. "முழுச் சுற்று" என்று போட்டேன். தீவு, பட்டினப்பாக்கம், ஆற்றின் முகத்துவாரம் வரை மணல், திரும்பி மேலே ஏறி, பாலம் கடந்து அடையாறில் டிபன். எட்டரை ஆகும், வீட்டில் எதையாவது சாப்பிட்டு வாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். அண்ணாச்சி வாட்ஸ்அப் பார்ப்பதில்லை. நடைக்கு வரும்போது போனும் எடுத்து வரமாட்டார். டீச்சரின் அறிவிப்புக்கும் அவர் வந்து சேருவதில்லை. தி. நகரிலிருந்து பஸ் பிடித்து விசில் ஊதுகிற நேரத்துக்குத்தான் எங்களோடு சேருவார். அவருக்குச் செய்தி சொல்வது எப்போதும் நான்தான். மஹ்விஷுக்கு மறுநாள் பரீட்சை. வரவில்லை. அது எனக்கு முன்பே தெரியும்.

பட்டினப்பாக்கத்தில் அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"தம்பி, கடை உண்டா இன்னைக்கு?"

"பழைய கடை லீவு அண்ணாச்சி. முகத்துவாரம் கிட்ட புதுசா ஒண்ணு. ஆப்பம், தேங்காப்பால்."

"ஆப்பமா! அட, மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று ஊசியைப் போட்டுக்கொண்டார்.

மணலில் அவர் மெதுவாகத்தான் நடப்பார். நான் அவரோடு. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பாலு ஏதோ சொல்லி, காற்றில் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. குளிர் இருந்தது. ஆனால் அண்ணாச்சியின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் பேச ஆரம்பித்தார்.

"தம்பி, இந்தக் கடல் மீட்டர் என்ன வெலடே?"

"கட்டுப்படியாகாது அண்ணாச்சி."

"நீலம் சாயம் போவுது பாரு. கரையில வெள்ளையா நிக்குல்லா. இத எவன்டே கொள்முதல் பண்ணான்? திருப்பி அனுப்பு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கையை விரித்து அலையை முழம் போட்டு அளந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு மறுபடியும் ஒன்று. நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தும் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சார், உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த ஒரு வருடத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தோம். தூரத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர்கூட எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு அண்ணாச்சி கொஞ்சம் தெளிந்தார். என் இடுப்பைப் பார்த்தார்.

"தம்பி, அது குடு. அந்த மாவு. இனிப்பு."

"ஆப்பம் வந்துருச்சு அண்ணாச்சி. இதோ."

"சரிடே" என்றார். என்னை நம்பினார். புதர் ஓரமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டார். அவருடைய துண்டை மடித்துத் தலைக்கு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கரையில் படுத்திருக்கிற ஆம்பிளையை யாரும் எழுப்ப மாட்டார்கள். சனிக்கிழமைக் குடியின் மிச்சம் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

மற்றவர்கள் முகத்துவாரம் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஓரமாகவே திரும்பினார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். மேலே சாலை ஏறியதும் விசில். டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வரிசை நீளமாகக் கலைந்து கிடந்தது. எட்டு முடிந்தது. நான் "ஒம்போது!" என்றேன். துணி கிழிந்தது. சிரித்தார்கள். பிறகு பதினான்கு. பிறகு இருபத்திரண்டு. கணக்குச் சரியாக இருந்தது. டீச்சர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பாலத்தில் இன்னொரு முறை எண்ணினோம். அப்போதும் சரியாக இருந்தது.

டிபன் கடையில்தான் டீச்சர் கேட்டார், அண்ணாச்சி எங்கே என்று. பாலம் தாண்டியதும் வீட்டுக்குப் போய்விட்டார், ஷேர் ஆட்டோ ஏற்றிவிட்டேன் என்றேன். அவருக்குச் சொல்லியிருந்த பூரியை பாலு சாப்பிட்டார்.

மீன் விற்கிற அம்மாக்கள் இரண்டு பேர் பதினோரு மணிக்குப் பார்த்திருக்கிறார்கள். வெயில் முகத்தில் விழுந்தும் எழவில்லையே என்று தொட்டிருக்கிறார்கள். சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டார் என்று டாக்டர் எழுதினார். ஆட்டோவிலிருந்து இறங்கி மறுபடியும் கடற்கரைக்குப் போயிருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கடல் பைத்தியம் பிடித்த மனிதர் என்று பேசிக்கொண்டார்கள். நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி புஷ்பம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா உங்க கூடத்தானே சிரிச்சுக்கிட்டு இருந்தாக" என்றார். ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு, எட்டுக்குப் பிறகு ஒன்பது வரவில்லை. பத்து தொடர்ந்தார். இரண்டாவது ஞாயிறும் அப்படியே. இன்னும் ஒரு ஞாயிறு. மஹ்விஷிடம், பொங்கலுக்கு முன்னாலேயே உனக்கு எண் வந்துவிடும் என்றேன். "வேணாண்ணா, அண்ணாச்சி நம்பர் எனக்கு வேணாம்" என்றாள். பழகிவிடும் என்றேன்.

மூன்றாவது ஞாயிறு, அதாவது நேற்று. தீவில் கூடினோம். டீச்சர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. புஷ்பம் அம்மா இறங்கினார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். அந்தத் துண்டு தோளில்.

"டீச்சரம்மா, நானும் வாறேன். வீட்ல உக்காந்து என்ன செய்ய? அந்த தம்பி பொண்டாட்டி நம்பர விடாம சொல்லிக்கிட்டு வருதாம்ல்லா, இவுக வந்து வந்து சொல்லுவாக. அந்த மாதிரி இவுக நம்பர நான் சொல்லுதேன்."

டீச்சர் அவரைக் கட்டிக்கொண்டார். விசில். எட்டு. புஷ்பம் அம்மா "ஒம்போது" என்றார். மெல்லிய குரல்தான், ஆனால் கடைசியில் அதே கிழிசல். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயஸ்ரீ மேடத்துக்கு மறுபடியும் தும்மல்.

எண்ணி முடித்ததும் டீச்சர் திரும்பினார். எண்ணுகிற இடத்தில் முதல் முறையாக எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"மஹ்விஷ், வரிசைக்கு வா. நீ இருபத்து மூணு."

"சிக்னல் டீச்சர்?" என்றார் யாரோ.

"ப்ரியா எங்க ரோடு க்ராஸ் பண்றா? அந்த இடத்துல இவ வரட்டும். இத்தனை நாளா எனக்குத் தோணவே இல்ல பாரு. கூட ஒரு நம்பர் போட்டா வானமா இடிஞ்சு வுழுந்துடும்?"

"இருபத்து மூணு!" என்று மஹ்விஷ் கத்தினாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

சிக்னலுக்கு வந்தோம். பச்சை விழுந்தது. எல்லோரும் கடந்தார்கள். மஹ்விஷ் கடைசியில் புஷ்பம் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அவர்கள் அந்தப் பக்கம் ஏறியபோது இன்னும் நான்கு விநாடி மிச்சம் இருந்தது. சிக்னலில் எண் தெரிந்தது. நான்கு, மூன்று.

நான் இந்தப் பக்கமே நின்றேன். சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த பச்சையில் பாலு திரும்பி வந்தார்.

"இன்னா நைனா, இன்னா மேட்டரு? தனியா சிரிச்சுக்கினு கீற. சொன்னா நானும் சிரிப்பேன்ல?"

சொன்னேன். அண்ணாச்சி கடலை முழம் போட்ட இடம் வரை அவரும் என்னோடு சிரித்தார். இடுப்புப் பையைத் திறந்து காட்டினேன். ஆறு பொட்டலம் வாங்கியது, ஆறும் அப்படியே இருந்தது. பாலு சிரிப்பதை நிறுத்தினார். என் முகத்தையே பார்த்தார். பிறகு என் சட்டையைப் பிடித்துத் தன் ஆட்டோ வரை இழுத்துப்போனார். "வண்டில ஏறு" என்றார். இங்கே, ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

அய்யாதுரை அண்ணாச்சியைக் கொன்றது நான்தான். தெரிந்து, யோசித்து, நாள் பார்த்துச் செய்தேன். இதை யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை.

மனைவி மேல் அவ்வளவு பாசமா என்று நீங்கள் கேட்டீர்கள். அதற்கும் எழுதிவிடுகிறேன். டீச்சரை விசாரித்தால் அவர் எப்படியும் சொல்வார்.

ப்ரியா மொத்தம் நான்கு ஞாயிறுதான் நடந்தாள். ஐந்தாவது வாரம், "உங்க கும்பல் சிரிக்கிறதப் பாத்தா எனக்குத் தலை வலிக்குது. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் நாம ரெண்டு பேரும் சேந்தாப்ல வீட்ல இருக்கோம். என் நம்பர வேற யாருக்காவது குடுத்துடுங்க, நீங்களும் போகாதீங்க" என்றாள். நான் டீச்சரிடம் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் குரல் கொடுத்தேன். அடுத்த வாரமும் கொடுத்தேன். எட்டு மாதம் கொடுத்தேன். காய்ச்சல் வந்த மூன்றாவது நாளும் ஞாயிறுதான். காலை ஐந்து மணிக்கு என் கையைப் பிடித்து, "இன்னிக்கு மட்டும் இருங்க" என்றாள். போர்வையைச் சரிசெய்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு நடைக்குப் போனேன். பதினான்கு என்று சொன்னேன். அன்று நன்றாகச் சிரித்தோம். திரும்பி வந்தபோது மணி ஒன்பது. உடம்பு குளிர்ந்திருந்தது.

அவளுடைய எண்ணை நான் காலியாக விட்டதே இல்லை, சார்.